உள்ளங்கால் இல்லாத ஸ்கேன்

புற்றுநோயாளிக்கு எடுக்கும் பெட்-சீடி ஸ்கேன் வழக்கமாக மண்டையோட்டின் அடியில் தொடங்கி நடுத்தொடையோடு நின்றுவிடும். நுரையீரல், மார்பகம், குடல், ஈரல் என்று பெரும்பாலான புற்றுநோய்கள் பரவும் இடங்கள் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. நேரம் மிச்சமாகிறது, கதிர்வீச்சும் சற்றுக் குறைகிறது. ஆனால் உள்ளங்காலில் மெலனோமா என்ற தோற்புற்றுநோய் வந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கும் அதே எல்லையில் ஸ்கேன் எடுத்தால், நோய் தொடங்கிய பாதமும், அது முதலில் திரும்பிவரக்கூடிய கெண்டைக்காலும் அந்தப் படத்தில் இருக்காது. “ஒன்றும் இல்லை” என்ற அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். மெலனோமாவுக்குத் தலை முதல் கால்விரல் வரை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது கதிரியக்க நிபுணர்களுக்குத் தெரியாத செய்தியல்ல. நோய் காலில் இருந்தது என்ற ஒரு வரி, ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் துண்டில் விடுபட்டுப்போனால், அந்த அறிவு அங்கே பயன்படாமல் போகிறது.

கறுத்த, மாநிறத் தோலுடைய நமக்கு இது ஓரத்தில் நிற்கும் பிரச்சினை அன்று. வெள்ளைத்தோல் மக்களில் வரும் மெலனோமாக்களில் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றுபவை நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். ஆசிய, ஆபிரிக்க மக்களிடம் மெலனோமா மொத்தத்திலேயே அரிது. வந்தால் மிகப் பெரும் பங்கு அந்த இடங்களிலேயே வருகிறது. வெயிலுக்கும் இந்த வகைக்கும் பெரிய தொடர்பில்லை. ஜமைக்கப் பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977இல் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான். பந்து விளையாடியபோது பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. 1981இல், 36ஆவது வயதில், அவர் இறந்தார்.

இதைப் பலாபத்வலயை வைத்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கமாகப் போனால் அலுவிகாரையைத் தாண்டி வரும் ஊர் அது. சுற்றிவர மிளகு, கொக்கோ, றப்பர், தேயிலை, வயல். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து, மாத்தளைக்கு நடந்து வந்ததும் இந்தப் பக்கமாகத்தான். வெறுங்காலோடு வேலை செய்து பழகியவர்கள் இங்கே இன்றும் உண்டு. காலில் ஒரு கறுப்புத் தடம் விழுந்தால் முள் குத்தியது, கல் தடுக்கியது, காலாணி, பித்தவெடிப்பு, சீனி வருத்தத்தால் வந்த புண் என்று சொல்வதற்கு அவர்களுக்குக் காரணங்கள் பல இருக்கின்றன. அவை பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அந்த ஒரு தடவை அது வேறொன்றாக இருக்கும்போதுதான் மாதங்கள் வீணாகின்றன.

வெறுங்காலோடு நடப்பதால் இந்தப் புற்று வருகிறது என்று நான் சொல்லவில்லை. உடலின் பாரம் அழுத்தும் குதிகாலிலும் முன்பாதத்திலும் இது கூடுதலாகத் தோன்றுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். அழுத்தம்தான் காரணம் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஜப்பானிலிருந்து நமக்கு வந்த உறுதியான அறிவு வேறொன்று. அது படம் பற்றியது.

உள்ளங்காலை உற்றுப் பார்த்தால் உழுத வயல்போல மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுவது தெரியும். வியர்வைத் துவாரங்கள் மேட்டில்தான் திறக்கின்றன. சாதாரண மச்சத்தின் கறுப்பு பெரும்பாலும் பள்ளத்தை ஒட்டி மெல்லிய கோடாக ஓடும். மெலனோமாவின் கறுப்போ மேட்டில் ஏறி, அகலமான பட்டையாகப் படரும். தோஷியாக்கி சைதாவும் அவரது குழுவினரும் டெர்மஸ்கோப் என்ற ஒளியூட்டிய உருப்பெருக்கிக் கருவியால் நூற்றுக்கணக்கான உள்ளங்கை, உள்ளங்கால் மச்சங்களைப் படமெடுத்து 2004இல் இதை வெளியிட்டார்கள். மேட்டில் படர்ந்த கறுப்பு என்ற அந்த ஓர் அடையாளம் மெலனோமாக்களில் 86 விழுக்காட்டில் இருந்தது. மெலனோமா அல்லாதவற்றில் 99 விழுக்காட்டில் அது இல்லை. ஊசியும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம். கையடக்கக் கருவி ஒன்று, அதைக் கைத்தொலைபேசியோடு பொருத்தும் ஒரு சிறு இணைப்பு, பார்க்கத் தெரிந்த ஒரு கண். தோற்புற்றுக்காக இதுவரை உருவான படமெடுக்கும் முறைகளில் நமது தோலுக்கென்றே அமைந்தது இதுதான் என்பது என் கருத்து. இளஞ்சிவப்புத் தோல் நிறைந்த பாடநூல் படங்களிலிருந்து இதைக் கற்றுக்கொண்டிருக்கவே முடியாது.

நகத்துக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. நம்மவர்களின் நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் சாதாரணமாகவே இருக்கும். பல விரல்களில் ஒரே மாதிரி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே விரலில் புதிதாகத் தோன்றிய கோடு, அகலமாகிக்கொண்டே போவது, நகத்தைத் தாண்டித் தோலிலும் கறுப்பு இறங்குவது ஆகியவை வைத்தியரிடம் காட்ட வேண்டியவை. அகலமாகிறதா என்பதை நினைவை வைத்துச் சொல்ல முடியாது. அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, அதே வெளிச்சத்தில், சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் வேண்டும்.

கண்காணிப்பு என்பதே அதுதான். நோயைக் கண்டுபிடிக்க ஒரு படம் போதும். நோயாளியைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள இரண்டாவது படமும், அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முதலாவதும் வேண்டும். முதல் படம் தொலைந்துபோனால் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தில் எடுத்த இரண்டாவது படமும் மறுபடி முதல் படமாகிவிடுகிறது.

தசைப் பரிசோதனையில் (பயொப்சி) மெலனோமா உறுதியாகி, சத்திரசிகிச்சையும் முடிந்த பிறகு கேள்வி மாறுகிறது. நோய் எங்கே திரும்பிவரும்? அதற்கு ஒரு போக்கு உண்டு. வெட்டிய தழும்பின் அருகே வரலாம். நிணநீர் ஓடும் வழியில், காலின் தோலுக்கு அடியில், சிறு கட்டிகளாக முளைக்கலாம். நிணநீர்க்கணுக்களில் தங்கலாம். அதன்பின் நுரையீரல், ஈரல், மூளை. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது நமது பாட்டிமாருக்குத் தெரிந்த விஷயம். புற்றும் அதே வழியில் போகிறது. முழங்காலின் பின்மடிப்பிலும் சில கணுக்கள் உள்ளன. குதிகாலிலிருந்து வரும் நிணநீரில் ஒரு பகுதி அங்கே சேரலாம். தொடையிடுக்கை மட்டும் ஸ்கேன் செய்து முடிப்பவர்கள் தவறவிடும் இடம் அது.

நோயாளிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கணுவின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முன்பெல்லாம் கணுவில் நோய் இருக்கலாம் என்ற ஐயத்திலேயே தொடையிடுக்குக் கணுக்கள் முழுவதையும் வெட்டி எடுத்துவிடுவார்கள். அதனால் கால் வீங்கி, யானைக்கால்போல ஆகி, வாழ்நாள் முழுக்க வேதனைப்பட்டவர்கள் உண்டு. கலிபோர்னியாவின் டொனால்ட் மோர்ட்டன் 1992இல் ஒரு வழி காட்டினார். புற்று இருந்த இடத்திலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை மட்டும் அடையாளம் கண்டு எடுப்பது அந்த வழி. அதைக் காவற்கணு என்று சொல்லலாம். நீலச் சாயத்தால் தொடங்கிய அந்த முறையோடு பிறகு கதிரியக்கப் படமும் சேர்ந்தது. சிறிதளவு டெக்னீசியம்-99எம் மருந்தைத் தழும்பைச் சுற்றி ஊசியால் ஏற்றி, காமா கமராவில் பார்த்தால் மருந்து ஓடிச் சேரும் கணு ஒளிப்புள்ளியாகத் தெரியும். அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அணுமருத்துவப் படமெடுப்பு இலங்கைக்குப் புதிதல்ல. பேராதனை மருத்துவ பீடத்துக்கென ஓர் அணுமருத்துவப் பிரிவு உண்டு. மாத்தளையிலிருந்து அது எட்டாத தூரமல்ல.

காவற்கணுவில் நோய் இருந்தால் மீதிக் கணுக்களையும் வெட்ட வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் வர 2017 ஆகிவிட்டது. அந்த ஆண்டு வெளியான ஆய்வொன்றில் இத்தகைய 1,934 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு மீதிக் கணுக்களும் உடனே அகற்றப்பட்டன. மற்றப் பிரிவினரின் கணுக்களை அப்படியே விட்டு, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனால் பார்த்துவந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் 4 மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டு முடிய 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. மூன்றாண்டு முடிவில், மெலனோமாவால் இறக்காமல் இருந்தவர்கள் இரு பிரிவிலும் 86 விழுக்காடு. எல்லாவற்றையும் வெட்டியவர்களில் 24.1 விழுக்காட்டினருக்குக் கைகால் வீக்கம் வந்தது. ஸ்கேன் மட்டும் எடுத்துவந்தவர்களில் அது 6.3 விழுக்காடு.

தோற்புற்றுநோயில் படமெடுப்பு செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். புதிய மருந்து ஏதும் இல்லை, கோடிக்கணக்கில் விலைபோகும் இயந்திரமும் இல்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கு எடுக்கும் அதே வகை அல்ட்ராசவுண்ட் கருவி, தோலுக்கு அருகில் பார்ப்பதற்கேற்ற ஒரு முனையுடன், ஒரு பெரிய சத்திரசிகிச்சையைத் தேவையற்றதாக்கியது. கால் வீங்கிப்போனால் மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாது, வரம்பில் நடக்க முடியாது. உழைக்கும் மனிதருக்கு அந்த வித்தியாசம் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது என்ன என்பதும் தெளிவாகவே இருக்கிறது. நல்ல கணு அவரைக்கொட்டை வடிவத்தில் நீண்டு, நடுவில் வெண்மையான கொழுப்புடன் தெரியும். புற்று குடியேறிய கணு பலூன்போல உருண்டு, நடுவெண்மையை இழந்துவிடும். அதற்கும் முன்பே, கணுவின் ஓரத்தில் புதிய இரத்த ஓட்டம் தென்படும். ஜெர்மனியின் கிறிஸ்டியானே வொய்ட் குழுவினர் வரையறுத்த இந்த மூன்று அடையாளங்களும் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. ஐயம் வந்தால் அதே ஸ்கேனைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் கணுவிலிருந்து கலங்களை எடுத்துச் சோதிக்கலாம். ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஒரு மில்லிமீற்றர் அளவில் ஒளிந்திருக்கும் நோய் அல்ட்ராசவுண்டில் தெரியாது. அதனால் காவற்கணுப் பரிசோதனைக்குப் பதிலாக ஒரே ஒரு ஸ்கேனை எடுத்துவிட்டுத் திருப்திப்பட முடியாது. அதன் பலம் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் இருக்கிறது.

பெட்-சீடிக்கு வருவோம். 2016இல் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்காக நாடெங்கும் மக்கள் பணம் சேர்த்தார்கள். கதீஜா பவுண்டேஷன் முன்னின்று நடத்திய அந்த முயற்சிக்குச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கொடுத்தார்கள். அந்த வைத்தியசாலை இன்று அபேக்ஷா என்ற பெயரில் இயங்குகிறது. இந்த ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியால் செலுத்துகிறார்கள். புற்றுக் கலங்கள் சர்க்கரையைப் பேராசையோடு எடுத்துக்கொள்வதால் படத்தில் சுடர்விடும். அந்த மருந்து 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். சேமித்து வைக்க முடியாது. பலாபத்வலயிலிருந்து போகும் நோயாளி குறித்த நேரத்துக்கு, வெறும் வயிற்றோடு, அங்கே இருந்தாக வேண்டும்.

அருமையான கருவிதான். ஆனால் சர்க்கரையை விரும்புவது புற்று மட்டுமல்ல. சீழ்பிடித்த காலும் விரும்பும், அதனால் வீங்கிய தொடையிடுக்கு நெறியும் விரும்பும், காசநோய்க் கணுவும் விரும்பும். இவை சாதாரணமாக இருக்கும் நம் நாடுகளில், சுடர்விடுவதையெல்லாம் புற்று என்று எடுத்துக்கொண்டால் நோயாளியை வீணாகக் கலங்கடிப்போம். மறுபுறம், மூளை எப்போதுமே சர்க்கரையில் வாழ்வதால் அங்கே பரவிய சிறு கட்டி அந்த வெளிச்சத்திலேயே மறைந்துவிடும். மூளைக்கு எம்ஆர்ஐதான் வேண்டும். ஆகவே பெட்-சீடி, சிகிச்சையை மாற்றக்கூடிய தருணங்களுக்கு உரியது. கணுவில் நோய் உறுதியானபோது வேறெங்கும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, பெரிய சத்திரசிகிச்சைக்கு முன், நோயெதிர்ப்பு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய. மெல்லிய, தொடக்கநிலை மெலனோமாவை வெட்டியெடுத்து, உடல்நலத்தோடு இருப்பவருக்கு ஆண்டுதோறும் அதை எடுப்பதால் பலன் இல்லை.

நோயெதிர்ப்பு மருந்துகள் பற்றி ஒன்று மட்டும். 2011 முதல் வரத் தொடங்கிய இந்த மருந்துகள் சிலருக்குக் கட்டியைச் சுருக்குமுன் பெரிதாக்கிக் காட்டுகின்றன. நோயெதிர்ப்புக் கலங்கள் கட்டிக்குள் திரள்வது அதற்குக் காரணம். அந்த ஒரு படத்தைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக, குறைந்தது 4 வாரம் கழித்து இன்னொரு படம் எடுத்து உறுதிசெய்யும் விதி 2017இல் வகுக்கப்பட்டது. இங்கேயும் இரண்டு படங்களின் ஒப்பீடுதான் தீர்ப்புச் சொல்கிறது.

மெலனோமாவோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். முகத்தில் மெதுவாக வளரும் அடித்தளக் கலப் புற்று உலகில் மிகப் பரவலானது. அது வேறிடத்துக்குப் பரவுவது மிக அரிது. அதற்கு வழக்கமாக ஸ்கேன் தேவைப்படுவதில்லை, கண்ணும் புகைப்படமும் போதும். எரிகாயத் தழும்பில் வரும் புற்று அப்படியல்ல. பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் மர்ஜொலின் 1828இல் எழுதியதால் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. தீக்காயம் ஆறி இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, தழும்பில் ஒரு புண் வெடித்து ஆறவே மறுக்கும். இலங்கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்குகள் கவிழ்ந்து பல்லாயிரம் பேர் கருகினார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அந்தக் காயங்களைப் பார்த்துப் பார்த்துத்தான், கவிழாத குள்ளமான கண்ணாடி விளக்கை வடிவமைத்து, சுதீப என்று பெயரிட்டுப் பரப்பினார். 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். அந்தக் காலத்தில் சிறுவர்களாக இருந்து எரிந்தவர்கள் இப்போது நடுவயதைத் தாண்டியிருக்கிறார்கள். லயங்களில் மின்சாரம் வந்துவிட்டது, விளக்குப் போய்விட்டது, தழும்பு போகவில்லை. அந்தத் தழும்பில் ஆறாத புண் வந்தால் தசைப் பரிசோதனை, எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்று எக்ஸ்ரே, ஆழத்தை அறிய எம்ஆர்ஐ, கணுக்களுக்கு அல்ட்ராசவுண்ட் என்று வரிசை போகும். இந்தப் புற்று மற்றச் செதிட்கலத் தோற்புற்றுகளைவிடக் கணுக்களுக்குக் கூடுதலாகப் பரவக்கூடியது.

கைத்தொலைபேசியில் படமெடுத்தால் புற்றா இல்லையா என்று சொல்லும் செயலிகள் பற்றி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. செயற்கை நுண்ணறிவைப் பழக்க மிகப் பரவலாகப் பயன்படும் 10,015 படங்களின் தொகுப்பு ஒன்று வியன்னாவிலும் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் சேர்க்கப்பட்டது. வெளிறிய தோல் முதல் கறுத்த தோல் வரை கலந்த 656 படங்களை வைத்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022இல் சோதித்தபோது, பெயர்பெற்ற மென்பொருள்கள் கறுத்த தோலில் தடுமாறின. நமது கால்களின் படங்கள் ஆயிரக்கணக்கில் முறையாகச் சேர்க்கப்பட்டு, நோய்க்கூற்று முடிவுகளோடு இணைக்கப்படும் வரை அத்தகைய செயலியை நம்பிச் சும்மா இருந்துவிடுவது ஆபத்து. அந்தத் தொகுப்பை உருவாக்க இலங்கையின் தோல்நோய்ப் பிரிவுகளைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

பலாபத்வல நோயாளி ஒருவரின் வழியை நினைத்துப் பாருங்கள். தோட்ட மருந்தகம் அல்லது பக்கத்து வைத்தியசாலை, பிறகு மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு, தேவைப்பட்டால் மஹரகம. அரச சிகிச்சை இலவசம். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இலவசமல்ல. துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். கிளினிக் தவறுவது அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே அடிக்கடி தேவைப்படும் கண்காணிப்பு, அதாவது காலைப் படமெடுப்பது, முழங்கால் மடிப்புக்கும் தொடையிடுக்குக்கும் அல்ட்ராசவுண்ட் பார்ப்பது ஆகியவை மாத்தளையிலேயே நடக்க வேண்டும். அரிதாகத் தேவைப்படும் பெரிய ஸ்கேனுக்கு மட்டும் அவர் மஹரகம போகட்டும். கண்டிக் கிளினிக்கில் தீட்டிய அட்டவணைப்படி மாத்தளைக் கதிரியக்கப் பிரிவில் திகதி கொடுப்பதற்குப் புதிய இயந்திரம் தேவையில்லை. இரண்டு வைத்தியசாலைகளுக்கிடையே ஓர் உடன்பாடு போதும்.

நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் சில சொற்கள். கிளினிக் கொப்பியோடு ஸ்கேன் படங்களையும் சீடிக்களையும் ஒரே பையில், நனையாமல், வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் பழையதையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் அறைக்குள் போகுமுன், நோய் எந்தக் காலில், எந்த இடத்தில் இருந்தது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெட்-சீடி என்றால், பாதம் வரை எடுப்பார்களா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டில் வயதானவர்கள் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. மாதத்துக்கு ஒருமுறை, கால் கழுவித் துடைத்ததும், நல்ல வெளிச்சத்தில் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.